இப்ப நாங்க என்ன வாசிக்கோம்?

கடன், வட்டி பத்தி எல்லாரும் பேசிட்டாங்க. நம்ம பெண்கள் இப்ப என்ன வாசிக்காங்க என்று என்னைப் பேசச் சொல்லியிருக்காங்க. நான் பத்தாவதோட நின்னவ. எங்க குழுவில் நடந்ததைச் சொல்லுதேன்.

முதல்ல உள்ளதைச் சொல்லிருவோம். நம்மில் நிறையப் பேர் வாசிக்கிறது காலண்டர் தாளும், பேப்பரில் ராசிபலனும், செல்போனில் வருகிற செய்தியும்தான். வேதாகமம் தினமும் வாசிக்கிறவங்க உண்டு. ரமணிசந்திரன் நாவல் வாசிக்கிற தங்கச்சிமாரும் உண்டு, ஆனா அதை அரிசிப் பானைக்குப் பின்னால ஒளிச்சு வைக்கணும். புத்தகம் கையில் இருந்தா வேலையத்தவன்னு பேர் வந்துரும்லா! ஆம்பிளைங்க டீக்கடையில் ஒரே பேப்பரை ரெண்டு மணி நேரம் விரிச்சு வச்சிருந்தா அதுக்குப் பேர் நாட்டு நடப்பு.

எங்க குழுத் தங்கச்சி ஒருத்தி நூலகத்திலிருந்து வண்ணநிலவன் எழுதின 'கடல்புரத்தில்' நாவலைக் கொண்டு வந்தா. 1977-ல் வந்தது. மணப்பாட்டுக் கடற்கரைக் கதை, சின்னப் புத்தகம். வாரக் கூட்டத்தில் சேமிப்பு எழுதி முடிச்சதும் ஒருத்தி சத்தமா வாசிப்பா, மத்தவங்க கேப்போம். கருவாட்டுக்கு மீன் கீறிக்கிட்டே கேட்ட ஆச்சிமாரும் உண்டு. எழுத்துத் தெரியாட்டி என்ன, காது இருக்குல்லா.

அதில் குரூஸ் மிக்கேல்னு ஒரு வல்லக்காரர். மகன் செபஸ்தி வெளியூரில் வாத்தியார். வல்லத்தையும் வீட்டையும் வித்துட்டு என்னோட வந்திருங்கன்னு கூப்பிடுதான். அவருக்கு மனசு வரலை. கடலில் லாஞ்சுக்காரங்களுக்கும் வல்லக்காரங்களுக்கும் பகை வேற. இதை வாசிச்ச அன்னைக்கு எங்க கூட்டமே ரெண்டாப் போச்சு. "மகன் கூப்பிட்டது என்ன தப்பு, வயசான காலத்தில் கடலில் கிடக்கணுமா?" என்று ஒரு மைனி கேட்டாங்க. "வல்லம் போயிட்டா மருமக கையால காப்பி வரும்னு காத்துக் கிடக்கணும், அது தெரியுமா ஒனக்கு?" என்று ஆச்சி சண்டைக்கு வந்துட்டாங்க. இன்னொரு அக்கா, "அதெல்லாம் இருக்கட்டும், அந்த வீட்டில் பொண்டாட்டி மரியம்மைக்குப் பங்கு உண்டா இல்லையா?" என்றதும் எல்லாரும் வாயை மூடினோம். அன்னைக்குத் தவணைக் கணக்கு பேச நேரமே இல்ல.

மகள் பிலோமி சாமிதாசை விரும்பி, அது கூடாமப் போன இடத்தில் சின்னப் பிள்ளைங்க அழுதுச்சு. அப்பவே குழு இருந்திருந்தா தையல் மெஷினுக்காவது கடன் கொடுத்திருப்போம்னு ஒருத்தி சொன்னா, அழுத பிள்ளைங்களே சிரிச்சிட்டு. எனக்குப் புத்தகம் பிடிச்சுது. ஆனாலும் ஏலத்தில் நின்னு மீன் எடுத்து, கூடையோட பஸ்ஸில் ஏறப் போய்த் திட்டு வாங்குற பொம்பளை கதை எனக்கு இன்னும் வேணும். அதை நம்மில் ஒருத்திதான் எழுதணும் போல.

இப்ப வாசிக்கிறது 'கொற்கை'. எழுதினவர் உவரிக்காரர், ஜோ டி குருஸ். 2009-ல் வந்து, 2013-ல் சாகித்ய அகாதமி விருது வாங்கின நாவல். தூத்துக்குடித் தோணி, கப்பல், முத்துக்குளிப்பு எல்லாம் வருது. ஆயிரம் பக்கத்துக்கு மேல. கனத்தைப் பார்த்தே பாதிப் பேர் பயந்துட்டாங்க. வாசிப்பும் மெதுவாத்தான் நகருது, ஏன்னா ஒரு ஆச்சியோட அப்பா கொழும்புக்குத் தோணியில் போனவர். ஒரு பக்கம் வாசிச்சா, அவங்க ரெண்டு பக்கம் சொல்லுதாங்க.

மீன்காரிக்குப் புத்தகம் எதுக்குன்னு கேக்காங்க. தமிழ் எழுத்தில் முதல்ல அச்சான புத்தகம் 1578-ல் கொல்லத்தில் வந்த 'தம்பிரான் வணக்கம்'. அதைச் செய்த அண்டிரிக் பாதிரியார் நம்ம புன்னைக்காயலில் வாழ்ந்தவர். அந்த அச்சு வேலைக்கு முத்துக்குளித்துறை மக்களே பணம் போட்டிருக்காங்க. கூட்டுப் பணம்னா என்னன்னு இந்தக் கரைக்குப் புதுசா சொல்லணுமா?

அதனால இன்னைக்குத் தீர்மானத்தில் ஒண்ணு சேர்க்கச் சொல்லுதேன். சேமிப்பில் கை வைக்க வேண்டாம். மாசம் ஆளுக்கு 10 ரூபாய், புத்தகத்துக்குன்னு தனியா. அதுவும் தெண்டச் செலவுன்னு நினைக்கிறவங்களுக்கு ஒண்ணு சொல்லணும். போன மாசம் தனியார் கடன்காரர் ஒருத்தர் நீட்டின பேப்பரை எங்க தங்கச்சி கையெழுத்துப் போடுறதுக்கு முன்னால அவர் எதிரிலேயே சத்தமா வாசிச்சா. காப்பீட்டுக்குன்னு ஒரு தொகை பிடிப்போம்னு அதில் இருந்தது. அவர் வாயால அதைச் சொல்லவே இல்ல. "இது என்ன சார்?" என்று கேட்டுட்டு, பேனாவை மூடி வச்சிட்டா. பத்துப் பேருக்கு முன்னால வாசிச்சுப் பழகின வாய் அது.

எங்க வாசிப்பு வெள்ளிக்கிழமை சாயங்காலம் அஞ்சரை மணிக்கு, வலை பின்னும் கூடத்தில். எந்தக் குழு என்றாலும் வரலாம். எழுத்து பொடிசா இருக்கு, கண்ணாடி வச்சிருக்கவங்க மறக்காம எடுத்துட்டு வாங்க.