சதுர அடிக் கணக்கில் வராத செலவு



வீடு கட்டப்போகிற யாரைக் கேட்டாலும் முதலில் ஒரு தொகையைத்தான் சொல்வார்கள்: சதுர அடிக்கு இவ்வளவு. ஒரு பேச்சுக்கு 2,500 ரூபாய் என்று வைத்துக்கொள்வோம். ஆயிரம் சதுர அடிக்கு 25 லட்சம். கையில் பத்து லட்சம், வங்கிக் கடன் பதினைந்து லட்சம் என்று கணக்குப் போட்டு, பூமி பூஜைக்கு நாள் பார்த்துவிடுகிறார்கள். கிரகப்பிரவேசத்தின்போது வீட்டுக்காரம்மாவின் நகை அடகில் இருக்கிறது, மாடிப்படிக்குக் கைப்பிடி இல்லை, வெளிப்பூச்சு பாக்கி. நம் ஊர்ப் புறநகர்த் தெருக்களில் இப்படி நின்றுபோன வீடுகளை எவ்வளவு பார்க்கிறோம்! அந்தக் குடும்பங்கள் ஆடம்பரம் செய்யவில்லை. அவர்கள் நம்பிய கணக்கில் வீட்டின் ஒரு பகுதி சேரவே இல்லை, அவ்வளவுதான்.

அஸ்திவாரம், சுவர், கூரை, பூச்சு, தரை, கதவு ஜன்னல், வயரிங், பிளம்பிங், பெயின்ட் ஆகியவை வழக்கமாக அந்த விலைக்குள் வந்துவிடும். சுற்றுச்சுவர், கேட், போர், தண்ணீர்த் தொட்டி, செப்டிக் டேங்க், பிளான் அப்ரூவல் கட்டணம், வேலை நடக்கும்போது தேவைப்படும் தற்காலிக மின் இணைப்பு, சமையலறை அலமாரிகள் எல்லாம் பெரும்பாலும் தனி. தொட்டிக்கு லிட்டர் கணக்கு, சுற்றுச்சுவருக்கு அடிக் கணக்கு. போர்டிகோவையும் மாடிப்படி ஹெட்ரூமையும் சிலர் முழுப் பரப்பாகச் சேர்ப்பார்கள், சிலர் பாதியாகச் சேர்ப்பார்கள். அதனால் 2,300 சொல்கிறவர் 2,500 சொல்கிறவரைவிட மலிவு என்று எடுத்த எடுப்பில் முடிவு கட்டிவிடாதீர்கள்.

மண்ணையும் பார்க்க வேண்டும். விருதுநகர், தூத்துக்குடிப் பக்கத்துக் கரிசல் மண் மழையில் உப்பும், கோடையில் வெடிக்கும். அந்த மண்ணுக்கு ஏற்ற அஸ்திவாரம் போடாவிட்டால் சுவர் விரிசல் விடும். ஏற்ற அஸ்திவாரத்துக்குச் செலவு கூடும். தாழ்வான மனை என்றால் பேஸ்மென்ட்டை உயர்த்தியாக வேண்டும். பழைய சாலையின் மேலேயே புதுச்சாலை போட்டுப் போட்டுத் தெரு உயர்ந்து, மழைத் தண்ணீர் வாசலுக்குள் இறங்குகிற வீடுகள் நமக்குப் புதிதல்ல. மூன்றடி பேஸ்மென்ட்டை ஐந்தடியாக்கினால் சுவர், மண் நிரப்புதல், கூலி எல்லாம் கூடும். மண் பரிசோதனைச் செலவில் மட்டும் தயவுசெய்து மிச்சம் பிடிக்காதீர்கள்.

இனி வங்கிக் கடன். பல குடும்பங்கள் சிக்கிக்கொள்வது இங்கேதான். ரிசர்வ் வங்கி விதிப்படி 30 லட்சம் வரையிலான வீட்டுக் கடனில் வீட்டின் மதிப்பில் 90 சதவீதம் வரை தரலாம். அதற்கு மேல் 75 லட்சம் வரை என்றால் 80 சதவீதம். இது உச்ச வரம்பு. உங்கள் வருமானத்தைப் பார்த்துக் குறைத்தும் தருவார்கள். கடன் பாஸ் ஆனதும் முழுப்பணமும் கைக்கு வராது. உங்கள் பங்கை முதலில் போடச் சொல்வார்கள். பிறகு பேஸ்மென்ட் முடிந்தால் ஒரு தவணை, கூரை முடிந்தால் இன்னொன்று என்று, வேலையை நேரில் பார்த்த பிறகுதான் பணம் விடுவிப்பார்கள். மேஸ்திரிக்கோ சனிக்கிழமை வந்தால் கூலி கொடுத்தாக வேண்டும். கம்பிக் கடைக்காரர் காத்திருக்க மாட்டார். கைப்பணம் பேஸ்மென்ட்டிலேயே தீர்ந்து, வங்கிப் பணம் வருவதற்குள் இருக்கிற அந்தச் சில வாரங்களில்தான் வட்டிக்கு வாங்குகிறார்கள். அந்த வட்டி வீடு முடிந்த பிறகும் துரத்துகிறது.

இதைத் தவிர்க்க வழி இருக்கிறது. எந்தக் கட்டத்துக்கு எவ்வளவு விடுவிப்பார்கள் என்று வங்கியில் முன்கூட்டியே எழுதி வாங்குங்கள். கான்ட்ராக்டருக்குப் பணம் கொடுக்கும் கட்டங்களையும் அதே வரிசையில் பேசி வையுங்கள். அப்படியும் ஒரு தவணை அளவுப் பணம் உங்கள் கையில் எப்போதும் இருக்கட்டும். வேலை நடக்கும் மாதங்களில், விடுவித்த தொகைக்கு வட்டியும் கட்ட வேண்டும், இருக்கிற வீட்டுக்கு வாடகையும் கொடுக்க வேண்டும். பத்து மாத வேலை பதினைந்து மாதம் இழுத்தால் அந்த ஐந்து மாதமும் செலவுதான். அதையும் கணக்கில் எழுதுங்கள்.

கூரை கான்கிரீட் போட்ட அன்று வீடே முடிந்துவிட்டதுபோல மனம் நிறையும். செலவில் ஏறக்குறைய பாதி இன்னும் மிச்சம் இருக்கும். டைல்ஸ், குழாய், மரவேலை எல்லாம் இனிமேல்தான். 2025 செப்டம்பர் 22 முதல் சிமெண்டுக்கான ஜி.எஸ்.டி. 28-லிருந்து 18 சதவீதமாகக் குறைந்தது. நல்ல செய்திதான். ஆயிரம் சதுர அடி வீட்டுக்கு உத்தேசமாக 400 மூட்டை சிமெண்ட் பிடிக்கும். விலை அந்த அளவுக்கு இறங்கினால் மிச்சம் பத்தாயிரம் ரூபாய் அளவில் இருக்கும். கடைக்குப் போன இடத்தில் கூடத்து டைல்ஸை ஒரு படி உயர்த்தி எடுத்தால் அந்த மிச்சம் போய்விடும். அதனால் எந்த விலையில் டைல்ஸ், எந்த பிராண்டு குழாய் என்பதை ஒப்பந்தத்திலேயே எழுதிவிடுங்கள்.

கட்டிய சுவரை இடித்து மாற்றுவதுபோல வீண் செலவு வேறில்லை. சமையல் மேடை எவ்வளவு உயரம், ஸ்விட்ச் எங்கே வர வேண்டும் என்று அந்த வீட்டில் சமைக்கப்போகிறவரிடம் வரைபடம் போடும்போதே கேளுங்கள். பல வீடுகளில் பூச்சு முடிந்த பிறகுதான் அவரிடம் கேட்கிறார்கள்.

புது வீட்டுக்கு மொத்தச் செலவில் பத்து முதல் பதினைந்து சதவீதம் எதிர்பாராததற்கு ஒதுக்கலாம். பழைய வீட்டைப் புதுப்பிப்பவர்களுக்கு அது போதாது. மெட்ராஸ் டெரஸ் கூரையின் மரக்கட்டைகளைக் கரையான் எவ்வளவு தின்றிருக்கிறது என்பது திறந்து பார்த்தால்தான் தெரியும். கால் பங்காவது தனியே வையுங்கள்.

இந்த வாரம் மேஸ்திரியையோ பொறியாளரையோ பார்க்கப் போகிறீர்களா? ரேட் என்ன என்று கேட்கும்போதே, அந்த ரேட்டில் எதெல்லாம் வராது என்றும் கேளுங்கள். அவர் சொல்வதை ஒரு தாளில் எழுதி, இருவரும் கையெழுத்துப் போட்டு, ஆளுக்கொரு பிரதி வைத்துக்கொள்ளுங்கள். அதன் பிறகு பூமி பூஜைக்கு நாள் பாருங்கள்.