பேரேட்டில் பெயர் இல்லாத கமக்காரர்



என்னிலும் மூத்தவர்கள் முன்வரிசையில் இருக்க இந்தத் தலைமை இருக்கையில் அமர்வது எனக்குக் கூச்சமாகத்தான் இருக்கிறது.

நமது ஆய்வரங்கின் தலைப்பு, வன்னிக் கமத்துக்கு அரசு தந்த ஆதரவும் பாதுகாப்பும். அந்த வரலாறு இங்குள்ள எல்லாருக்கும் தெரியும். 2005க்குப் பின் 50 கிலோ பசளை மூட்டை 350 ரூபாவுக்குக் கிடைத்தது. 2021இல் இரசாயனப் பசளைக்குத் தடை வந்தது. அந்த ஆண்டு நவம்பரிலேயே அது நீக்கப்பட்டாலும் காலபோகம் அடிபட்டுப் போயிற்று. 2025 பெப்ரவரியில் நாட்டு நெல் கிலோ 120 ரூபா, சம்பா 125, கீரிச்சம்பா 132 என்று அரசு உத்தரவாத விலை அறிவித்தது. அந்த விலைக்கு நெல்லை ஈரப்பதன் 14 வீதத்துக்கு மேற்படாமல் காயவைத்துக் கொண்டுபோக வேண்டியிருந்தது. கடன்காரர் வரம்பில் காத்து நிற்க, ஈரநெல்லை வயலிலேயே வியாபாரிக்கு அளந்து கொடுத்தவரிடம் அந்த விலை போய்ச் சேரவில்லை. இவையெல்லாம் பிற்பகல் கட்டுரைகளில் விரிவாக வரும். என் நேரத்தை வேறொன்றுக்குச் செலவிட அனுமதியுங்கள்.

1970 முதல் 1977 வரையான ஆண்டுகளை நமது துறையில் வன்னியின் பொற்காலம் என்று எழுதுவது வழக்கமாகிவிட்டது. மிளகாய், வெங்காய இறக்குமதியை அன்றைய அரசு கட்டுப்படுத்தியது. விசுவமடுவிலும் முத்தையன்கட்டிலும் படித்த இளைஞர்கள் மண்ணெண்ணெய் இயந்திரத்தால் நீர் இறைத்து மிளகாய் செய்து மேலெழுந்தார்கள். 1977இன் திறந்த பொருளாதாரம் அதைக் கெடுத்தது என்பது அந்த வாதம். நான் மிகவும் மதிக்கும் மூத்த நண்பர் ஒருவர் இதைப் பல ஆண்டுகளாகச் சொல்லி வருகிறார். விலைப் பாதுகாப்பு இருந்தால் மற்றதெல்லாம் தானாக வரும் என்பது அவர் முடிவு. காணிப் பத்திரங்களை ஆராய்வது எழுதுவினைஞர் வேலை என்றும் ஒருமுறை எழுதினார். இன்று அவர் அவையில் இருக்கிறார் என்பதால், அன்போடு மறுத்துச் சொல்கிறேன்.

அந்த மிளகாய் விலை யாருக்குக் கிடைத்தது? காணி பெற்றவருக்கு. அந்த இளைஞர்களின் முயற்சியை நான் குறைத்துச் சொல்லவில்லை. ஆனால் அவர்களுக்கு விலைக்கு முன்பே காணியும் நீரும் கிடைத்திருந்தன. அதே தோட்டங்களில் புல்லுப் பிடுங்கிப் பழம் ஆய்ந்தவர்களில் பலர் 1958 வன்செயலுக்குப் பின்னும், அதற்கடுத்த ஆண்டுகளிலும் மலையகத்திலிருந்து வந்த குடும்பத்தினர். 1977 ஓகஸ்ட் வன்செயலுக்குப் பின் இன்னும் பலர் வந்தார்கள். காடு வெட்டினார்கள், கிணறு தோண்டினார்கள். வாய்க்கால் நீர் எட்டாத மேட்டில் குடியிருந்தார்கள். விலை விழுந்தபோது அனுமதிப்பத்திரம் வைத்திருந்தவருக்குக் காணியாவது மிஞ்சியது. இவர்களுக்கு அதுவும் இல்லை. ஒரே கொள்கை இருவேறு மனிதரிடம் இருவேறு விதமாகப் போய்ச் சேர்ந்ததை விலைப்பட்டியலை மட்டும் படித்து அறிய முடியாது.

அறிவதற்கு ஒரு மூலம் இருக்கிறது. லூயிஸ் 1895இல் வெளியிட்ட வன்னிக் கையேட்டை நாம் சலிக்காமல் மேற்கோள் காட்டுகிறோம், அது தகும். பிரதேச செயலகங்களில் இருக்கும் காணிப் பேரேடுகளை யாரும் திறப்பதில்லை. 1935ஆம் ஆண்டின் காணி அபிவிருத்திக் கட்டளைச் சட்டத்தின் கீழ், காணிக் கச்சேரி வைத்துத் தெரிந்தெடுத்தவர்களுக்குக் கொடுத்த ஒவ்வொரு துண்டும் அவற்றில் பதியப்பட்டிருக்கிறது. ஒரு பக்கத்தைப் பாருங்கள்: அனுமதிப்பத்திர இலக்கம், பெற்றவர் பெயர், 5 ஏக்கர் வயல், 3 ஏக்கர் மேட்டுக்காணி, பின்னுரித்தாளர் பெயர். அந்தக் கடைசிப் பெயரில்தான் வன்னியின் அரை நூற்றாண்டு அடங்கியிருக்கிறது. தகப்பன் மூத்த மகனின் பெயரைக் கொடுத்திருப்பார். பெயர் கொடுக்காமல் இறந்தாலும் சட்டத்தின் அட்டவணை மூத்த ஆணையே முன்னிறுத்தியது. மனைவிக்குச் சீவிய உரிமை மட்டும். மறுமணம் செய்தால் அதுவும் போய்விடும். ஆணுக்கிருந்த இந்த முன்னுரிமை நீங்க 2022 வரை காத்திருக்க வேண்டியிருந்தது. கணவனை இழந்தவர்களும் கணவன் காணாமலாக்கப்பட்டவர்களும் நிறைந்த மாவட்டங்களில், போர் முடிந்து பதின்மூன்று ஆண்டுகளுக்குப் பிறகு!

துண்டைக் குறித்த அளவுக்குக் கீழே பிரிக்கவும் சட்டம் இடம் தரவில்லை. மூன்றாம் தலைமுறையில் நான்கு பிள்ளைகள் அதைத் தங்களுக்குள் பேசிப் பிரித்துச் செய்கிறார்கள். பேரேட்டில் ஒரு பெயர்தான். முல்லைத்தீவில் ஒரு குளத்தின் கீழ் எனக்குத் தெரிந்த கமக்காரி ஒருவர் தகப்பனின் வயலைத் தானே விதைத்து அறுக்கிறார். பத்திரம் வெளிநாட்டில் இருக்கும் தமையனின் பெயரில். பசளைக் காசும் வெள்ள நட்டஈடும் பதிவைத்தான் தேடிப் போகின்றன. வரம்பில் நிற்பவரை அவை தேடுவதில்லை. குத்தகைக்காரர் நிலையும் இதுவே. 1958இன் நெற்காணிச் சட்டம் குத்தகைக் கமக்காரரைக் காக்க வந்தது. எழுத்தில் கொடுத்தால் காணி கைவிட்டுப் போகும் என்று பயந்த காணிக்காரர், அதன் பின் போகத்துக்குப் போகம் வாய்ப்பேச்சில் கொடுக்கப் பழகிக்கொண்டார். காக்க வந்த சட்டமே காக்கப்பட வேண்டியவரைப் பதிவுக்கு வெளியே தள்ளிவிட்டது.

போரும் இடப்பெயர்வும் பலருடைய பத்திரங்களைத் தின்றுவிட்டன. காணி பற்றிய 2013/01 இலக்கச் சுற்றறிக்கை அந்தச் சிக்கலைத் தீர்ப்பதற்காகவே வந்தது. ஆனால் இடம்பெயர்ந்திருந்த காலத்தில் பற்றை வளர்ந்த வயல்களை வனத் திணைக்களம் காடென்று எல்லைக்கல் நாட்டிய இடங்களில், பத்திரம் இல்லாதவர் எதைக் காட்டி வாதாடுவார்? 2025 மார்ச்சில் வெளிவந்த 2430 இலக்க வர்த்தமானி, வடக்கில் ஏறத்தாழ 5,940 ஏக்கருக்கு உரிமை கோருவோர் முன்வர வேண்டும், இல்லையேல் அரச காணியாகும் என்றது. உயர் நீதிமன்றம் இடைக்காலத் தடை விதித்ததால் மூச்சு வந்தது. 2024இல் தொடங்கிய ‘உறுமய’ திட்டம் காணிக்கு முழு உரிமை தர முன்வந்தது, நல்லது. அதுவும் பத்திரக்காரருக்கே.

கமத்தொழில் மாகாணத்தின் கையில் என்கிறோம். பசளையும் விலையும் காடும் கொழும்பின் கையில். 2018 ஒக்டோபருக்குப் பின் நமக்கு மாகாண சபையே இல்லை. முடிவு எங்கிருந்து வந்தாலும், எந்த மானியத்தையும், எந்த இறக்குமதி வரியையும் கேட்கும் முன்னர் அது யாருடைய பெயரில் வரும் என்று கேட்க வேண்டும். இறக்குமதித் தடை வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. சின்ன வெங்காயம் அறுவடைக்கு வரும் நாளில் கப்பல் வந்து இறங்குவது அநியாயம். ஆனால் தடையை ஒரு வர்த்தமானியில் போடலாம், இன்னொன்றில் எடுக்கலாம். உழுகிறவரின் பெயரைப் பேரேட்டில் எழுதிவிட்டால் அதை அழிப்பது அவ்வளவு இலகு அல்ல.

பேரேடுகளின் தாள் இற்றுக்கொண்டிருக்கிறது. வன்னியின் மாவட்டங்கள் எங்கும் அவற்றைப் படம் எடுத்து, தனிப்பட்ட விபரங்களைக் காத்து, ஆய்வுக்குத் திறக்கும்படி இந்த அரங்கு இன்று மாலை ஒரு தீர்மானம் எடுக்க வேண்டும் என்று முன்மொழிகிறேன். இன்று கட்டுரை வாசிக்கும் ஒவ்வொருவரிடமும் ஒரு வேண்டுகோளும் உண்டு: மானியம் இத்தனை கோடி, பயனாளி இத்தனை பேர் என்று சொல்லும்போது, அந்தப் பயனாளி உழுகிறவரா, பத்திரத்தில் இருப்பவரா என்றும் சொல்லுங்கள். முதல் கட்டுரை பசளை மானியத்தைப் பற்றியது. அதை வாசிப்பவரிடமே முதலில் கேட்கிறேன்.