கார்ன்வாலின் கடைசிப் படி

இங்கிலாந்தின் தென்மேற்கு மூலையில், கடலுக்குள் நீட்டிய கால்போல் கிடக்கும் நிலப்பகுதிக்குக் கார்ன்வால் என்று பெயர். மூன்று புறமும் கடல். நான்காவது புறத்தில் டேமர் என்னும் ஆறு ஏறக்குறைய எல்லை முழுவதையும் வகுத்துக்கொண்டு ஓடுகிறது. அந்த ஜில்லாவின் சிற்றூர் அணிகள் தமக்குள் ஆடிவந்த ஒரு ரக்பி லீக், 1987-ஆம் ஆண்டில் தொடங்கி 2022-ஆம் ஆண்டில் அந்தப் பெயரோடு முடிந்துபோயிற்று. உலகச் செய்திகளில் அதற்கு இடம் கிடைக்கவில்லை. கிடைக்க வேண்டிய அளவுக்குப் பெரிய செய்தியும் அன்று. ஆயினும், பிழைப்பை நாடி ஊர்விட்டு ஊர் சென்று வாழ்கின்ற நமக்கு அதன் வரலாறு முற்றிலும் அந்நியமாகத் தோன்றாது என்றே கருதுகிறோம்.

ரக்பி ஆட்டத்தைப் பார்த்திராத நேயர்களும் இருப்பார்கள். அணிக்குப் பதினைந்து பேர். பந்து முட்டை வடிவானது. அதைக் கையில் ஏந்தி ஓடலாம், பின்னோக்கியோ பக்கவாட்டிலோ தோழனுக்கு வீசலாம், முன்னோக்கி வீசலாகாது. ஆட்டம் சிறு பிழையால் தடைப்படும்போது, அணிக்கு எட்டுப் பேர் தோளோடு தோள் பிணைந்து, எதிரணியின் எட்டுப் பேரை முட்டித் தள்ளிப் பந்துக்காகப் போராடுவர். இதற்கு ஸ்க்ரம் என்று பெயர். இதன் முன்வரிசையில் நிற்கும் மூவரும் அதற்கென்றே பழகியவர்களாக இருத்தல் வேண்டும். பழகாதவன் அங்கே நின்றால் கழுத்துக்கே ஆபத்து. ஆகவே ஓர் அணியில் அத்தகைய மூவர் இல்லையெனில், இருதரப்பும் தள்ளாமல் வெறுமனே குனிந்து நிற்க, ஸ்க்ரம் ஒரு சடங்காக நடைபெறும். இந்தச் சிறு விதியை நேயர்கள் நினைவில் வைத்துக்கொள்ள வேண்டுகிறோம். சிற்றூர் லீகுகள் எவ்வாறு மெலிந்தன என்பதற்கு இது பின்னர் விளக்கமாக அமையும்.

இங்கிலாந்தின் ரக்பி யூனியன் 1871-ஆம் ஆண்டு ஜனவரி மாதத்தில் லண்டனில் நிறுவப்பட்டது. கால்பந்தும் கிரிக்கெட்டும் பத்தொன்பதாம் நூற்றாண்டு முடிவதற்குள்ளேயே லீக் முறையை ஏற்றுக்கொண்டன. ரக்பி யூனியனோ நாடு முழுவதற்கும் லீக் அமைக்க 1987 வரை இசையவில்லை. ஏன் இந்தத் தாமதம்? வடக்கே யார்க்‌ஷயர், லங்காஷயர் ஜில்லாக்களில் ஆலைத் தொழிலாளரும் சுரங்கத் தொழிலாளரும் இந்த ஆட்டத்தை ஆடினர். சனிக்கிழமை ஆடுவதற்காக வேலையை விட்டுவந்தால் அரைநாட் கூலி போய்விடும். அந்த இழப்பை மட்டும் ஈடுசெய்யலாமா என்ற கேள்வி 1893-இல் யூனியனின் கூட்டத்தில் எழுந்தபோது, கூடாது என்ற கட்சியே பெருவாரியாக வென்றது. ஊதியமின்றி ஆடுவதே ஆட்டத்தின் அறம் என்று, கூலியை நம்பி வாழாதவர்கள் முடிவுசெய்தார்கள்! 1895 ஆகஸ்ட் மாதத்தில் ஹட்டர்ஸ்ஃபீல்டு நகரிலுள்ள ஜார்ஜ் ஹோட்டலில் வடபுலத்துக் கழகங்கள் கூடித் தனியே பிரிந்தன. பிரிந்தவர்கள் பின்னர் பதின்மூன்று பேர் ஆடும் வேறோர் ஆட்டமாகவே அதை மாற்றிக்கொண்டனர். 1922 முதல் அவர்களுடைய சபையின் பெயரிலேயே ‘லீக்’ என்ற சொல் ஏறிவிட்டது. ஆகவே யூனியன்காரர்களுக்கு அச்சொல்லைக் கேட்டாலே கசந்தது. லீக் வந்தால் கூட்டம் வரும், கூட்டம் வந்தால் காசு வரும், காசு வந்தால் கூலி வரும் என்பது அவர்களது கணக்கு. அந்தக் கணக்கு முற்றிலும் தவறென்றும் சொல்வதற்கில்லை. லீக் முறை வந்து எட்டே ஆண்டுகளில், 1995 ஆகஸ்ட் மாதத்தில், ரக்பி யூனியன் ஆட்டக்காரர்கள் ஊதியம் பெறலாம் என்று உலகச் சபை அறிவித்துவிட்டது.

இனிக் கார்ன்வாலுக்கு வருவோம். இங்கிலாந்தின் தென்பகுதியில் பெரும்பாலும் இந்த ஆட்டம் பெரிய பள்ளிகளில் படித்தவர்களின் உடைமையாக இருந்தது. கார்ன்வாலில் அப்படியன்று. வெள்ளீயச் சுரங்கத்தில் இறங்கியவர்களும், மீன்பிடிப்பவர்களும், பீங்கானுக்கு உரிய வெண்களிமண்ணை வெட்டியெடுப்பவர்களும் ஆடிய ஆட்டம் அது. ரெட்ரூத் கழகம் 1875-இலும், அதற்கு மிக அருகிலுள்ள கேம்போர்ன் கழகம் 1878-இலும் தோன்றின. இரண்டும் சுரங்க ஊர்கள்.

அந்தச் சுரங்கங்களின் நிலைமையோ அப்போதே ஆட்டங்காணத் தொடங்கியிருந்தது. 1866-இல் செம்பின் விலை சரிந்தது. பிறநாடுகளின் செம்பும் வெள்ளீயமும் மலிவாகச் சந்தைக்கு வந்தன. 1861-க்கும் 1901-க்கும் இடைப்பட்ட ஒவ்வொரு பத்தாண்டிலும் கார்ன்வாலின் ஆண்மக்களில் ஏறத்தாழ ஐந்தில் ஒரு பங்கினர் கடல்கடந்து சென்றனர் என்று வரலாற்றாசிரியர்கள் கணக்கிடுகின்றனர். பூமியில் எங்கே பள்ளம் தோண்டினாலும் அதன் அடியில் ஒரு கார்ன்வால்காரன் இருப்பான் என்று ஒரு பேச்சே உண்டாயிற்று. அப்படித் தோண்டப்பட்ட பள்ளங்களுள் ஒன்று நம் கோலார் தங்கவயல். 1880-ஆம் ஆண்டுகளில் ஜான் டெய்லர் கம்பெனியார் அங்கே சுரங்கங்களை நடத்தத் தலைப்பட்டபோது, கார்ன்வாலில் பழகிய சுரங்கத் தொழிலாளர்களை வரவழைத்தனர். அதே சுரங்கங்களில் இறங்குவதற்கு வட ஆர்க்காட்டிலிருந்தும் சேலத்திலிருந்தும் தமிழர்கள் குடும்பம் குடும்பமாகச் சென்றனர். கூலியும் குடியிருப்பும் மரியாதையும் இருசாராருக்கும் ஒன்றாக இருக்கவில்லை என்பதைத் தங்கவயலில் பிறந்த நேயர்களுக்கு நாம் சொல்ல வேண்டியதில்லை. ஆனால் பிறந்த மண்ணில் பிழைக்க வழியில்லை என்பது இருசாராருக்கும் பொதுவாக இருந்தது. கார்ன்வாலில் சவுத் க்ராஃப்டி என்னும் சுரங்கம் 1998-இலும், கோலார் சுரங்கங்கள் 2001-இலும் மூடப்பட்டன.

ஆண்கள் இப்படி வெளியேறிக்கொண்டே இருக்கும் ஊரில் பதினைந்து பேரைத் திரட்டுவது எளிதன்று. இருந்தும் 1908-இல் கார்ன்வால் அணி இங்கிலாந்தின் ஜில்லாக்களுக்கிடையிலான பட்டத்தை வென்றது. அதன் பயனாக, அவ்வாண்டு லண்டனில் நடந்த ஒலிம்பிக் பந்தயத்தில் பிரிட்டன் முழுவதற்கும் பிரதிநிதியாக ஆடும் வாய்ப்பு அதற்கே கிடைத்தது. போட்டிக்கு வந்தவை இரண்டே அணிகள். ஆஸ்திரேலியா 32, கார்ன்வால் 3. தோற்றாலும் வெள்ளிப் பதக்கம் வந்து சேர்ந்தது!

அந்த அணியில் ஆடியவர் ரெட்ரூத்தைச் சேர்ந்த பெர்ட் சாலமன். இவரைப் பற்றிச் சிறிது சொல்லாமல் மேற்செல்ல மனம் வரவில்லை. 1910 ஜனவரியில் ட்விக்கனம் மைதானத்தில் நடந்த முதல் சர்வதேச ஆட்டத்தில், வேல்ஸுக்கு எதிராக இங்கிலாந்து அணியில் ஆடி, நாடே பேசும்படி ஆடினார், இங்கிலாந்து வென்றது. மீண்டும் மீண்டும் அழைத்தார்கள். அவர் போகவில்லை. பெரிய இடங்களில் அவருக்குக் கூச்சம். ரெட்ரூத்தில் தம் ஆட்களோடு ஆடுவதே அவருக்குப் போதுமானதாக இருந்தது. தேசத்துக்காக ஒரே ஓர் ஆட்டம் ஆடியவர் என்றே ஏடுகளில் அவர் பெயர் நிற்கிறது. கார்ன்வால் ரக்பியின் இயல்பை அறிய நூறு புள்ளிவிவரங்களைவிட இவர் ஒருவரே போதும் என்பது நம் எண்ணம்.

லீக் வருமுன்னர், ஆட்டங்கள் யாவும் கழகச் செயலாளர்கள் கடிதம் எழுதி ஏற்பாடு செய்துகொண்ட நட்பாட்டங்களே. யார் யாரோடு ஆடுவது என்பது பழக்கத்தையும் செல்வாக்கையும் பொறுத்தது. பெயர்பெற்ற கழகம் சிற்றூர் அணிக்கு நாள் ஒதுக்காது. சிற்றூர் அணி எத்தனை முறை வென்றாலும் அந்த வாசல் திறவாது. இடைக்காலத்தில் தகுதிப் பட்டியல் என ஒன்று வைத்தார்கள். எல்லா அணிகளும் ஒரே எண்ணிக்கையில் ஆடாமையால், ஆடியவற்றில் நூற்றுக்கு எத்தனை வென்றன என்று விழுக்காடு கணக்கிட்டு வரிசைப்படுத்தினர். பலமான எதிரிகளைத் தவிர்த்து மெலிந்தவர்களோடு ஆடினாலும் விழுக்காடு உயரும் அல்லவா? அதுதான் அந்த முறையின் ஓட்டை.

1987-இல், கரேஜ் என்னும் மதுபானக் கம்பெனியின் பொருளுதவியோடு, ஆயிரத்துக்கும் மேற்பட்ட கழகங்கள் ஒரே ஏணியில் ஏற்றப்பட்டன. உச்சியில் நாடளாவிய லீகுகள். கீழே இறங்க இறங்க வட்டாரம் குறுகும்: தென்மேற்குப் பகுதி, மேற்கு ஜில்லாக்கள், கார்ன்வாலும் டெவனும் சேர்ந்தது, பின்னர் கார்ன்வால் மட்டும். அந்தக் கார்ன்வாலிலும் முதல் லீக், இரண்டாம் லீக் என இரு படிகள். செயின்ட் டே, செயின்ட் ஆக்னஸ், இல்லோகன் பார்க், ஸ்டிதியன்ஸ், பெரன்போர்த் போன்ற சிற்றூர்க் கழகங்கள் அந்தக் கீழ்ப்படிகளில் ஆடின. வென்றால் ஏறலாம், தோற்றால் இறங்க வேண்டும்; செயலாளரின் தயவு தேவையில்லை. ஒரு கிராமத்து அணிக்கும் ட்விக்கனத்துக்கும் இடையே, ஏட்டளவிலாவது, தொடர்ச்சியான ஒரு வழி அமைந்தது.

அந்தக் கடைசிப் படியில் ஆட்டம் நடந்த முறையைச் சற்றுக் கற்பனை செய்து பாருங்கள். வியாழக்கிழமை மாலையிலேயே அணித்தலைவர் ஒவ்வொருவரையும் கூப்பிட்டுக் கேட்கத் தொடங்குவார். ஒருவனுக்குப் பண்ணையில் வேலை, ஒருவனுக்கு முழங்கால் வலி, ஒருவனுக்கு மைத்துனியின் கலியாணம். வெளிமாநிலத்தில் தமிழ்ச் சங்கத்துக்குச் செயலாளராக இருந்து, பொங்கல் விழா நாடகத்துக்கு ஆள் சேர்த்தவர்கள் இந்த வேதனையை நன்றாக அறிவார்கள். சனிக்கிழமை காலையில் கோடு போடுபவரும், கொடிக்கம்பு நடுபவரும், பிற்பகல் ஆடுபவரும் பெரும்பாலும் ஒரே ஆட்களே. அட்லாண்டிக் காற்றோடு மழையும் சேர்ந்து அடிக்கும். ஆட்டம் முடிந்தபின் உள்ளூர் அணி விருந்தினருக்கு உணவளிக்க வேண்டும் என்பது வழக்கம். கார்ன்வாலின் பெயர்பெற்ற பதார்த்தம் பாஸ்டி. மாவை மடித்து, உள்ளே இறைச்சியும் உருளைக்கிழங்கும் வெங்காயமும் வைத்துச் சுட்டெடுப்பது. சுரங்கத்துக்குக் கட்டிச் சென்ற சோற்று மூட்டை என்றே அதைச் சொல்லலாம்.

லீக் முறை நன்மையோடு ஒரு சிக்கலையும் கொண்டுவந்தது. ஏறுபவன் தூரம் போக வேண்டும். கார்ன்வாலுக்குள்ளேயே ஒரு கோடியிலிருந்து மறுகோடிக்கு ஏறத்தாழ 130 கிலோமீட்டர். ஒரு படி ஏறினால் டெவன். அதற்கும் மேலே போனால் சாமர்செட், கிளஸ்டர்ஷயர். ஊதியமின்றி ஆடுபவன் அரைநாள் ஆட்டத்துக்கு முழுநாளைச் செலவிட நேர்ந்தது. திங்கட்கிழமை வேலைக்குப் போகவேண்டிய கொத்தனார் எத்தனை சனிக்கிழமைகளைத் தருவார்? பதினைந்து பேரும் இருந்து முன்வரிசைக்குரிய மூவர் இல்லாமையால் ஸ்க்ரம் சடங்காக முடிந்த ஆட்டங்கள் சிற்றூர்களில் பெருகின. அடுத்த கட்டத்தில் பதினைந்து பேரே சேரவில்லை. இது கார்ன்வாலுக்கு மட்டும் நேர்ந்ததன்று. இங்கிலாந்தெங்கும் கீழ்ப்படி லீகுகளில் அணிகள் குறைந்தன. ஆனால் கார்ன்வாலில் இதற்குத் தனிக்காரணமும் ஒன்று உண்டு. கடற்கரை அழகை நாடி வந்த வெளியூர்ச் செல்வர்கள் விடுமுறைக்கென இரண்டாம் வீடுகளை வாங்கினர். வீட்டு விலை உள்ளூர்க் கூலிக்கு எட்டாத உயரத்துக்குப் போயிற்று. சுரங்கமும் மூடப்பட்டு வீடும் கிட்டாத இளைஞன் ஊரில் தங்குவானா? இருபது வயதில் அவன் வெளியேறினால், குடும்பத்துக்கு ஒரு பிள்ளை குறைவதோடு செயின்ட் டே அணிக்கும் ஒருவன் குறைகிறான்.

2020 மார்ச்சில் கொரோனா நோயால் ஆட்டங்கள் நின்றன. அடுத்த பருவத்தின் லீக் முழுவதும் கைவிடப்பட்டது. 2022-இல் யூனியன் ஏணியையே புதிதாகக் கட்டியது. பயணத் தூரத்தைக் குறைப்பது அதன் நோக்கங்களுள் முக்கியமானது. நாடளாவிய லீகுகளுக்குக் கீழே, பழைய ஜில்லா லீகுகளின் பெயர்கள் நீங்கி, ‘ரீஜனல்’, ‘கவுண்டீஸ்’ என்ற பொதுப்பெயர்களும் அவற்றோடு எண்களும் வந்தன. கார்ன்வால் லீக் என்ற பெயரிலான பட்டியல் அத்தோடு முற்றுப்பெற்றது. கழகங்கள் கலைக்கப்படவில்லை, அவை புதிய வரிசையில் இடம்பெற்றன. நோக்கம் நல்லதே என்று ஒப்புக்கொள்கிறோம். ஆனால் தூரத்தைக் குறைத்தால் ஆட்கள் திரும்பி வருவார்கள் என்பது பாதி உண்மை. வீட்டு விலையைக் குறைப்பது எந்த விளையாட்டுச் சபையின் கையிலும் இல்லை.

வெளியேறியவர்கள் ஊரை மறந்துவிட்டார்கள் என்று எண்ணவேண்டா. லீக் முறை இளமையோடு இருந்த 1991 ஏப்ரல் மாதத்தில், ஜில்லாப் பட்டத்துக்கான இறுதியாட்டத்தில் கார்ன்வால் யார்க்‌ஷயரை எதிர்த்தது. ஏறத்தாழ நாற்பதாயிரம் கார்ன்வால்காரர்கள் கறுப்பும் பொன்னுமான தங்கள் நிறங்களை அணிந்து ட்விக்கனத்தில் நிறைந்தனர் என்று அக்காலத்தில் மதிப்பிட்டார்கள். ஊரிலிருந்து வந்தவர்களோடு, பிழைப்புக்காக நாட்டின் பல பகுதிகளில் குடியேறியிருந்தவர்களும் அந்தக் கூட்டத்தில் இருந்தனர். பின்தங்கியிருந்த கார்ன்வால் ஆட்டத்தைச் சமன்செய்து, கூடுதல் நேரத்தில் 29-க்கு 20 என்று வென்றது. 1908-க்குப் பிறகு, எண்பத்து மூன்று ஆண்டுகள் கழித்துக் கிடைத்த பட்டம் அது.

கிறிஸ்துமஸுக்கு மறுநாள் கேம்போர்னும் ரெட்ரூத்தும் ஒன்றையொன்று எதிர்த்து ஆடுவது, லீக் பட்டியல்களுக்கெல்லாம் மூத்த வழக்கம். பண்டிகைக்காக ஊர் திரும்பியிருக்கும் பிள்ளைகளும் அன்று மைதானத்தின் ஓரத்தில் வந்து நிற்கிறார்கள்.