உண்ணும் பிள்ளையைக் கண் வையாதீர்

(நமது சங்கத்தின் ஆண்டு விழாவில் நிகழ்த்திய உரை)



ஆண்டு விழா மேடையில் தமிழின் தொன்மையைப் பற்றிப் பேசுவோர் பலர் உளர். நம்மினும் நன்றாகவே பேசுவர். நாம் எடுத்துக்கொண்ட பொருள் பிள்ளைகளின் சோற்றுத் தட்டு. செயலாளர் அவர்கள் இதைக் கேட்டதும் சற்றே தயங்கினார். பிறகு, "வீட்டுக்கு வீடு நாள்தோறும் நடக்கும் சண்டைதானே, பேசுங்கள்" என்று இசைவு தந்தார்.

சண்டைதான். காலை ஏழு மணிப் பள்ளிக்குப் பெண் ஒன்றும் உண்ணாமற் புறப்படுகிறாள். கேட்டால் பசியில்லை என்கிறாள். பிற்பகலில் திரும்பி வரும் டிபன் டப்பாவில் இட்லி வைத்தது வைத்தபடியே இருக்கிறது. இரவில் அரைச் சப்பாத்தியோடு எழுந்துவிடுகிறாள். பையனோ நேர்மாறு. உடற்பயிற்சிக் கூடத்தில் எவரோ சொன்னார் என்று சோற்றைத் தள்ளிவிட்டு, முட்டையின் வெள்ளைக் கருவும், ஆயிரக்கணக்கில் விலையுள்ள புரோட்டீன் பொடியும் வேண்டுமென்று நிற்கிறான். இருவரும் கண்ணாடியின் முன் நெடுநேரம் நிற்கிறார்கள். அக்கண்ணாடியில் அவர்கள் காண்பது நாம் காணும் பிள்ளையை அன்று.

நம் பாட்டிமார் காலத்தில் ஒரு வழக்கம் இருந்தது. குழந்தை உண்ணும்போது அதன் வாயைப் பார்த்துக்கொண்டு நிற்கலாகாது. "நன்றாகச் சாப்பிடுகிறாளே" என்று எவரேனும் சொல்லிவிட்டால் அன்று மாலை மிளகாயும் உப்பும் சுற்றி அடுப்பில் இடுவார்கள். கொழுத்த பிள்ளையைக் கொழுத்தது என்றும், மெலிந்ததை மெலிந்தது என்றும் வாய்விட்டுக் கூறுவது தகாது. கண்ணேறு என்று ஒன்று உண்டா இல்லையா என்னும் வாதத்தில் நாம் இறங்கவில்லை. ஆயினும், பிள்ளையின் உடலைப் பற்றி அதன் காதுபட ஒன்றும் சொல்லாதே என்னும் விதி மிக நல்ல விதி. மிளகாய் சுற்றுவதை நாம் விட்டோம், போகட்டும். அதனோடு அந்த விதியையும் விட்டது ஏன் என்பதுதான் விளங்கவில்லை.

இன்று வீட்டிற்கு வரும் உறவினர் செருப்பைக் கழற்றும் முன்னரே பிள்ளையின் எடையைக் கூறிவிடுகிறார். "என்னடி, பூசணிக்காய் மாதிரி ஆகிவிட்டாய்?", "என்னடா, ஓமக்குச்சி?", "வெயிலில் கறுத்துவிட்டாளே, எவன் கட்டுவான்?" இவையெல்லாம் அன்பினால் வரும் சொற்கள் என்றே கொள்வோம். பதினான்கு வயதில் அவை அன்பாகக் கேட்பதில்லை.

வெளி மாநிலத்தில் வாழும் நம் பிள்ளைகளுக்கு இவ்வளவை இரட்டிப்பு. இங்கே நாகபுரிப் பள்ளியில் தயிர்சாதத்தைத் திறந்தால் அருகிலிருப்போர் மூக்கைச் சுளிக்கின்றனர். "மதராசி", "சாம்பார்" என்று பெயரிடுகின்றனர். மே மாத விடுமுறையில் ஊருக்குப் போனாலோ, "வடக்கே ரொட்டி தின்று பெருத்துவிட்டாள்" என்று அத்தை ஒருபுறமும், "ஏன் இப்படி இளைத்துக் கிடக்கிறாய்?" என்று பெரியம்மா ஒருபுறமும் கேட்கின்றனர். ஒரே பெண், ஒரே உடல், ஒரே வாரம்!

நம் காலனியில் ஒரு மாணவி பள்ளியில் காலை வழிபாட்டின்போது மயங்கி விழுந்தாள். யார் என்று கூறப்போவதில்லை. வெளியே சென்று விசாரிக்கவும் வேண்டா. இரத்தத்தைச் சோதித்ததில் ஹீமோகுளோபின் 8-க்கும் கீழே இருந்தது. அவ்வயதுப் பெண்ணுக்கு 12-ஆவது இருத்தல் வேண்டும். மூன்று மாதங்களாக அவள் காலையும் நண்பகலும் உண்ணவில்லை. டப்பாவிலிருந்த உணவை நாய்க்கு இட்டு வந்திருக்கிறாள். தாய் அழுது கேட்டபோது காரணம் வெளிவந்தது. ஊரில் ஒரு திருமணப் பந்தியில் இரண்டாம் முறை பாயசம் கேட்டாளாம். பரிமாறியவர், "போதும், பாவாடை கிழிந்துவிடும்" என்றாராம். பந்தி முழுதும் சிரித்தது. அச்சொல்லைச் சொன்னவர்க்கு அது இன்று நினைவிலும் இராது.

"கைப்பேசிதான் கெடுக்கிறது" என்று நண்பர்கள் கூறுவர். அதில் உண்மை இல்லாமற் போகவில்லை. பசிபிக் கடலிலுள்ள பிஜித் தீவின் ஒரு பகுதிக்கு 1995-இல் தொலைக்காட்சி வந்தது. திரண்ட உடலையே அழகென்றும் நலமென்றும் போற்றிய மக்கள் அவர்கள். ஆன் பெக்கர் என்னும் அமெரிக்க மருத்துவ அறிஞர் அங்குள்ள பழங்குடிப் பள்ளிப் பெண்களை அவ்வாண்டிலும், மீண்டும் 1998-இலும் ஆராய்ந்தார். எடை குறைக்க உண்டதை வாந்தியெடுக்கும் வழக்கம் முதலில் எவரிடமும் இல்லை; மூன்றே ஆண்டுகளில் அது 100-க்கு 11 பேரிடம் காணப்பட்டது. இது தொலைக்காட்சி செய்த வேலை. இன்று பிள்ளையின் உள்ளங்கையிலேயே திரை இருக்கிறது. அதில் தோன்றும் முகமும் இடையும் பொறியால் திருத்தப்பட்டவை என்பதைப் பிள்ளைகள் நம்மினும் நன்கறிவர், அறிந்தும் நோகின்றனர். கைப்பேசியைப் பிடுங்கி வைத்தால் ஒரு வாரம் வீட்டில் போர் நடக்கும், அவ்வளவுதான். நம் வாய் நம் வசத்தில் இருக்கிறது.

உடல் கேட்பது என்ன என்பதைச் சிறிது பார்ப்போம். நீலகிரிக் குன்னூரில் 1918-இல் ராபர்ட் மெக்காரிசன் என்பார் தொடங்கிய சிறிய ஆய்வுக்கூடமே, 1958-இல் ஐதராபாத்துக்கு மாறி, இன்று தேசிய ஊட்டச்சத்து நிறுவனமாக விளங்குகிறது. 2020-இல் வகுக்கப்பட்ட அதன் அளவுகளைக் கேளுங்கள். அமர்ந்து பணி செய்யும் தாய்க்கு நாளொன்றுக்கு ஏறத்தாழ 1,660 கலோரி போதும். அவளுடைய 16 வயது மகளுக்கோ 2,500 வேண்டும்! தாயைவிட மகளுக்கு ஒன்றரைப் பங்கு உணவு. மகனுக்கு 3,320. வளர்ந்தோரின் எடையில் ஏறத்தாழப் பாதி இப்பருவத்தில்தான் சேர்கிறது. இடையும் தோளும் விரிவது இயற்கை இட்ட கட்டளை. அதைப் பெருத்துவிட்டாள் என்று சொல்வது நெற்கதிர் பால் பிடிப்பதை நோய் என்று சொல்வது போலாகும். "எனக்கு இரண்டு சப்பாத்தி போதுமே, உனக்கு ஏன் நான்கு?" என்னும் அன்னையர் இக்கணக்கை நினைவில் வைப்பாராக.

நாம் சிறுவராயிருந்த நாளில் புகைவண்டி நிலைய மேடையில் எடை பார்க்கும் பொறி நிற்கும். காசு போட்டால் ஓர் அட்டை விழும். ஒருபுறம் எடை, மறுபுறம் ஆரூடம். எடை கூடியிருந்தால் வீட்டில் மகிழ்ந்தனர். ஆரூடத்தைப் படித்துச் சிரித்தனர். இன்றைய பிள்ளைக்கு எடையே ஆரூடமாகிவிட்டது. உயரத்தையும் எடையையும் கைப்பேசியில் இட்டு ஓர் எண்ணைப் பெற்று உள்ளம் உடைகின்றனர். அவ்வெண்ணின் சூத்திரத்தை 19-ஆம் நூற்றாண்டில் கெத்தலே என்னும் பெல்ஜிய நாட்டுக் கணித அறிஞர், மக்கள் கூட்டத்தை அளப்பதற்காகக் கண்டார். வளரும் பிள்ளைக்கு வயதும் பாலும் பார்த்தே அதனை ஒப்பிடல் வேண்டும். பெரியோர்க்குரிய எல்லையை அப்படியே பொருத்தலாகாது. அது மருத்துவர் செய்யும் வேலை.

கண்ணுக்குத் தெரியும் சதையைப் பற்றி இத்துணை பேசுகிறோம். கண்ணுக்குத் தெரியாத இரத்தத்தைக் கேட்பாரில்லை. 2019–21-இல் நடந்த தேசியக் குடும்ப நல ஆய்வின்படி, நம் நாட்டில் 15 முதல் 19 வயதுள்ள பெண்களில் 100-க்கு 59 பேர் இரத்தசோகை உடையவர். முந்திய ஆய்வில் அது 54 ஆக இருந்தது. அவ்வயது ஆண்களிலும் 100-க்கு 31 பேர். கொழுத்த பெண்ணுக்குச் சோகை வாராது என்று எண்ணவேண்டா, தாராளமாய் வரும். அரசுப் பள்ளிகளில் வாரம் ஒருமுறை இரும்புச்சத்து மாத்திரை தருகின்றனர். அதைப் பிள்ளைகள் விழுங்குகிறார்களா, சாக்கடையில் எறிகிறார்களா என்று விசாரிப்பது நன்று.

இந்த ஊரில் கிடைக்காத பொருள் எது? வெந்தயக் கீரையும் பாலக்கும் குளிர்காலத்தில் குவிந்து கிடக்கின்றன. சோள பாகரி உண்டு. கடலையும் வெல்லமும் உண்டு. கீரையிலுள்ள இரும்பு உடலிற் சேரப் புளிப்புப் பழம் துணை செய்யும். அதற்கு நாகபுரி ஆரஞ்சைவிட வேறென்ன வேண்டும்? உணவோடு தேநீரோ காப்பியோ குடித்தால் அந்த இரும்பு வீணாகும். ஒரு மணி நேரம் கழித்துக் குடிக்கலாம். காப்பியை விடுங்கள் என்று தமிழர் சபையில் சொல்லும் துணிவு நமக்கில்லை.

பையன்களுக்கு ஒரு சொல். மேற்சொன்ன நிறுவனமே 2024-இல் வெளியிட்ட வழிகாட்டியில், உடலைப் பெருக்கப் புரோட்டீன் பொடிகளைத் தவிர்க்குமாறு கூறியுள்ளது. முட்டை, பருப்பு, பால், ஒரு கைப்பிடி வேர்க்கடலை இவை போதும். மிச்சப் பணத்தில் நல்ல காலணி வாங்கி ஓடுங்கள்.

உணவை மறைத்தல், உண்டவுடன் குளியலறைக்குச் சென்று தாழிடுதல், விரைவாக மெலிதல், முடி கொட்டுதல், எப்பொழுதும் குளிர்தல், மாதவிலக்கு நின்றுபோதல் ஆகியவற்றைக் கண்டால் அது பிடிவாதம் என்று கொள்ளற்க; அது நோய். அடித்தும் அழுதும் தீராது. மருத்துவரிடம் காட்டுக. மருத்துவமனைக்கு வரப் பிள்ளை மறுத்தால், அரசு 2022-இல் தொடங்கிய மனநல உதவித் தொலைபேசி 14416-ஐ அழைக்கலாம்; கட்டணமில்லை, தமிழிலும் பேசலாம். அக்கம்பக்கத்தார் என்ன நினைப்பார் என்று நாள் கடத்துவோர் உளர். அந்த நாட்கள் பிள்ளையின் கணக்கில் எழுதப்படுகின்றன.

இறுதியாக, சங்கத்தாரிடம் ஒரு வேண்டுகோள். சிறிது நேரத்தில் கீழ்த்தளத்தில் பந்தி தொடங்கும். பரிமாறும் அன்பர்கள் பிள்ளைகளின் இலைக்கு முன் வரும்போது, "வேண்டுமா?" என்று மட்டும் கேட்க வேண்டும். வேண்டும் என்றால் இட வேண்டும். போதும் என்றால் அடுத்த இலைக்குச் செல்ல வேண்டும். வேறு ஒரு சொல்லும் கூடாது. பாயசம் இரண்டு அண்டா இருக்கிறதென்று சமையற்காரர் கூறினார்.