ஸ்க்ரூவைத் திருகுவது கடைசி வேலை

(நம் சங்கக் கூட்டத்தில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



பழைய கார் பராமரிப்பு பற்றிப் பத்து நிமிடம் பேசும்படி செயலாளர் கேட்டுக்கொண்டார். பத்து நிமிடத்தில் முழுக் காரையும் பேச முடியாது. ஒரே ஒரு கோளாறை எடுத்துக்கொள்கிறேன். ஆக்ஸிலரேட்டரிலிருந்து காலை எடுத்த பிறகும் இன்ஜின் வேகம் இறங்காமல் இரைந்துகொண்டே இருப்பது. ‘ஐடிலிங் ஏறிப்போச்சு சார்’ என்று மெக்கானிக் சொல்வாரே, அதுதான்.

உதாரணம், மஸ்டா மியாட்டா. எம்.எக்ஸ்-5 என்றும் பெயர். 1989-இல் அறிமுகமான, இரண்டு பேர் மட்டும் உட்காரும் ஸ்போர்ட்ஸ் கார். 2016-இல் இதன் உற்பத்தி பத்து லட்சத்தைத் தொட்டது. அட்லாண்டாவில் இருக்கும் என் மாப்பிள்ளையிடம் 1991 மாடல், 1.6 லிட்டர் வண்டி ஒன்று இருக்கிறது. சென்ற முறை நாங்கள் போயிருந்தபோது அது சிக்னலில் நின்றால்கூட 1,800-இல் ஓடிக்கொண்டிருந்தது. இருக்க வேண்டியது சுமார் 850. அங்குள்ள ஒரு ஒர்க்‌ஷாப்பில் த்ராட்டில் பாடி முழுவதையும் மாற்றச் சொல்லிவிட்டார்கள். ‘மாமா, இதுக்கு வித்துடலாம் போல இருக்கு’ என்றார் மாப்பிள்ளை. விற்பதற்கு முன் ஒரு சனிக்கிழமையைச் செலவிட்டுப் பார்ப்போம் என்று முடிவு செய்தோம்.

முதலில் அடிப்படை. பெட்ரோல் இன்ஜினின் வேகத்தைத் தீர்மானிப்பது உள்ளே போகும் காற்று. எவ்வளவு காற்று போகிறதோ அதற்கேற்ற பெட்ரோலைக் கம்ப்யூட்டர் கொடுத்துவிடும். ஆகவே கால் பெடலில் இல்லாதபோதும் வேகம் அதிகமாக இருந்தால், எங்கோ ஒரு வழியாகக் கூடுதல் காற்று போகிறது. அந்த வழி எது என்பதுதான் கேள்வி.

வங்கியில் வேலை பார்த்தவர்களுக்கு இது புரியும். சாயங்காலம் கணக்கு டாலி ஆகவில்லை என்றால் எல்லா லெட்ஜரையும் புரட்டமாட்டோம். வித்தியாசம் 9-ஆல் வகுபடுகிறதா என்று முதலில் பார்ப்போம். வகுபட்டால், 54 என்பதை 45 என்று யாரோ இடம் மாற்றி எழுதியிருக்க வாய்ப்பு உண்டு. சுலபமானது, செலவில்லாதது முதலில். காரிலும் அதே வரிசைதான்.

ஒன்று: இது கோளாறுதானா? குளிர்ந்த இன்ஜின் முதல் சில நிமிடங்கள் வேகமாக ஓடுவது இயல்பு. ஏ.சி. போட்டாலும் கம்ப்யூட்டர் வேகத்தைச் சற்று ஏற்றிக் கொடுக்கும். இன்ஜின் நன்றாகச் சூடான பிறகு, ஏ.சி., விளக்கு எல்லாவற்றையும் அணைத்துவிட்டுத்தான் முள்ளைப் பார்க்க வேண்டும்.

இரண்டு: பெடலும் கேபிளும். மிதியடி மடங்கிப் பெடலை அழுத்துகிறதா? ஆக்ஸிலரேட்டர் கேபிள் விறைப்பாக இருக்கிறதா? விரலால் அசைத்தால் சிறிது தளர்வு தெரிய வேண்டும். இல்லையென்றால் த்ராட்டில் முழுவதும் மூடாது.

மூன்று: ரப்பர் குழாய்கள். முப்பது வருட ரப்பர் காய்ந்து வெடித்திருக்கும். பிரேக் பூஸ்டருக்குப் போகும் குழாய், வால்வு கவரிலிருந்து வரும் குழாய் ஆகியவற்றின் இரு முனைகளையும் பாருங்கள். ‘ஸ்ஸ்’ என்ற சத்தம் கேட்கிறதா என்று கவனியுங்கள். ஓடும் இன்ஜினில் குழாயை ஒரு கணம் நசுக்கிப் பிடித்து, சத்தம் மாறுகிறதா என்றும் பார்க்கலாம். தீப்பிடிக்கும் ஸ்ப்ரேயை அடித்துக் கசிவு கண்டுபிடிக்கும் முறை ஒன்று உண்டு. சூடான இன்ஜின் மேல் வீட்டில் அதைச் செய்ய வேண்டாம்.

நான்கு: கூலன்ட். ஐடிலிங்குக்கும் கூலன்டுக்கும் என்ன சம்பந்தம் என்று கேட்பீர்கள். இந்த வண்டியில் த்ராட்டில் பாடிக்கு அடியில் ஒரு சிறிய வால்வு இருக்கிறது. உள்ளே மெழுகு. இன்ஜின் குளிர்ந்திருக்கும்போது வால்வு திறந்து கூடுதல் காற்றை விடும். சூடான கூலன்ட் அதன் வழியாக ஓடும்போது மெழுகு விரிந்து வால்வை மூடும். கூலன்ட் அங்கே வராவிட்டால், இன்ஜின் இன்னும் குளிராகவே இருக்கிறது என்று வால்வு நினைத்துக்கொள்ளும்.

மாப்பிள்ளையின் வண்டியில் கேபிள் சரி, குழாய்கள் சரி. வால்வுக்குப் போகும் இரண்டு மெல்லிய கூலன்ட் குழாய்களைக் கையுறை போட்டுத் தொட்டுப் பார்த்தோம். இன்ஜின் கொதிக்கிறது, குழாய்கள் வெதுவெதுப்பாகக்கூட இல்லை. இரண்டு மாதம் முன்பு ரேடியேட்டர் மாற்றியிருந்தார்கள். உள்ளே காற்று அடைத்துக்கொண்டு, கூலன்ட் மட்டம் இறங்கியிருந்தது.

இன்ஜின் முழுவதும் ஆறிய பிறகு ரேடியேட்டர் மூடியைத் திறந்தோம். சூட்டில் திறந்தால் முகம் வெந்துவிடும். வண்டியின் முன்பக்கத்தை உயர்த்தி, ஹீட்டரை முழுதாக வைத்து ஓடவிட்டு, குமிழிகள் நிற்கும்வரை கூலன்ட் ஊற்றினோம். கொஞ்ச நேரத்தில் முள் 900-க்கு வந்து நின்றது. செலவு ஒரு கேன் கூலன்ட்.

ஐந்தாவதுதான் ஸ்க்ரூ. த்ராட்டில் பாடியின் மேல் ரப்பர் மூடிக்கு அடியில் ஐடிலிங் ஸ்க்ரூ இருக்கும். மற்ற எல்லாம் சரியான பிறகு, கம்பெனி கையேட்டில் சொன்ன முறைப்படி, 900-ஐ 850-ஆக்க மட்டும் அதைத் தொட்டோம்.

பலரும் முதலில் அதைத்தான் திருகுகிறார்கள். டாலி ஆகாத தொகையைச் சஸ்பென்ஸ் கணக்கில் போட்டுவிட்டு வீட்டுக்குப் போவது போல. அன்று அப்படிச் செய்திருந்தால் சத்தம் ஓரளவு அடங்கியிருக்கும், கூலன்ட் குறைவு தெரியாமலே போயிருக்கும். கூலன்ட் இல்லாமல் சூடேறினால் அலுமினிய சிலிண்டர் ஹெட் வளைந்துவிடும். கூலன்ட் மிகவும் இறங்கினால் சென்சார் காற்றில் நிற்கும்; சூட்டுமானி முள்ளையும் நம்ப முடியாது. நமக்கு எரிச்சலூட்டிய அந்த இரைச்சல்தான் இன்ஜினைக் காப்பாற்றியது.

நம் குடியிருப்பிலும் கேபிள் வைத்த பழைய பெட்ரோல் கார்கள் சில இருக்கின்றன. பாகங்களின் இடம் மாறலாம், தேடும் வரிசை மாறாது.

ஒரே ஒரு வேண்டுகோள். இந்தச் சோதனைகளைப் பேஸ்மென்ட் பார்க்கிங்கில் செய்யாதீர்கள். வண்டியை வெளியே கொண்டுவந்து திறந்தவெளியில் செய்யுங்கள். கார்பன் மோனாக்சைடுக்கு நிறமும் இல்லை, மணமும் இல்லை. அடைத்த இடத்தில் ஓடும் இன்ஜின் ஆளையே கொன்றுவிடும். நம் வாட்ச்மேன் உட்காருவதும் குழந்தைகள் சைக்கிள் எடுக்க வருவதும் அங்கேதான்.

கேள்விகள் இருந்தால் கேளுங்கள்.