பிரிட்டனில் போட்ட கையெழுத்து பனியன் கம்பெனிக்கு என்ன செய்யும்? – திருப்பூர் பொதுக்கூட்டத்தில் ஆற்றிய உரை



ஷிப்ட் முடிஞ்சு வீட்டுக்குக்கூடப் போகாம நேரா இங்க வந்திருக்கிற தாய்மார்களே, பவர் டேபிள் நடத்துற நண்பர்களே, ஏற்றுமதியாளர்களே, இந்த உரையைப் போன்ல படிச்சுக்கிட்டு இருக்கிற சொந்தங்களே!

வர்த்தக ஒப்பந்தம்னு டிவியில செய்தி வந்தா நாம என்ன பண்றோம்? ரெண்டு தலைவருங்க கை குலுக்குற போட்டோவைப் பார்த்துட்டு சேனலை மாத்திடுறோம். இது பெரிய இடத்து சமாச்சாரம், நமக்கென்னன்னு விட்டுடுறோம். ஆனா உங்க யூனிட்டுல எத்தனை மெஷின் ஓடணும்ங்கிறதை அந்த ஒப்பந்தம் தீர்மானிக்குதுங்க. எப்படின்னு ஒரு சின்னக் கணக்குல இருந்து பார்க்கலாம்.

லண்டன்ல ஒரு கடைக்காரர் 500 ரூபாய்க்கு ஒரு டி-ஷர்ட் வாங்குறார்னு வைங்க. பிரிட்டனோட ஒப்பந்தம் போடுறதுக்கு முன்னாடி, திருப்பூர்ல இருந்து போனா அவர் கட்ட வேண்டியிருந்த இறக்குமதி வரி 12 சதவீதம் வரைக்கும், அதாவது 60 ரூபாய் வரைக்கும். அதே சட்டை வங்கதேசத்துல இருந்து போனா வரி பூஜ்ஜியம். நம்ம தையல்ல குறையா? துணியில குறையா? ஒண்ணும் இல்ல. துறைமுகத்துலயே நாம 60 ரூபாய் தோத்துட்டுத்தான் போட்டிக்கே போனோம். பத்து சென்ட்டுக்குப் பேரம் பேசுற தொழில்ல 60 ரூபாய்ங்கிறது மலை.

2025 ஜூலை 24-ஆம் தேதி இந்தியாவும் பிரிட்டனும் கையெழுத்திட்ட ஒப்பந்தம் அந்த மலையைத்தான் தகர்க்குது. அந்த ஒப்பந்தப்படி நம்ம பொருட்கள்ல 99 சதவீத வகைகளுக்கு அங்க வரி கிடையாது. ஆயத்த ஆடையும் அதுல அடக்கம். சும்மா கிடைக்கலைங்க, நாமும் கொடுத்திருக்கோம். ஸ்காட்ச் விஸ்கிக்கு 150 சதவீதமா இருந்த வரி முதல்ல 75 ஆகி, பத்து வருஷத்துல 40-க்கு வருது. அங்கிருந்து வர்ற கார்களுக்கும் எண்ணிக்கை வரம்போட வரி குறையுது. பால் பொருட்களை நாம விட்டுக்கொடுக்கல. கொடுக்கல் வாங்கல்னா இப்படித்தான்.

"சரிங்க, இது ஏற்றுமதிக் கதை. முதலீடு இதுல எங்க வருது?"ன்னு கேப்பீங்க.

ஒருத்தர் புதுசா நிட்டிங் மெஷின் இறக்கணும், டையிங் போடணும், 300 பேருக்கு வேலை கொடுக்கணும்னா என்னத்தைப் பார்ப்பார்? இடம், கரண்ட், தண்ணி, ஆள் இதெல்லாம் பார்ப்பார். அதுக்கு முன்னாடி, இங்க தைக்கிற சரக்கை எந்தெந்த நாட்டுக்கு வரி இல்லாம அனுப்ப முடியும்னு பார்ப்பார். பேங்க் மேனேஜரும் அதைத்தான் கேப்பார். தொழிற்சாலைங்கிறது 20 வருஷக் கணக்கு. நாளைக்கு ஆட்சி மாறினா விதி மாறுமாங்கிற பயம் இருந்தா எவனும் பணம் போட மாட்டான். ரெண்டு நாடு எழுத்துல ஒப்புக்கிட்ட விதியை ஒரு அமைச்சர் நினைச்ச மாத்திரத்துல மாத்திட முடியாது. அந்த நம்பிக்கைதான் முதலீட்டை இழுக்குது.

வியட்நாமைப் பாருங்க. போரால சிதைஞ்ச நாடு. 1994 வரைக்கும் அமெரிக்கா அதோட வியாபாரமே செய்யாம தடை போட்டிருந்துச்சு. 1986-லயே பொருளாதாரத்தைத் திறந்துவிட ஆரம்பிச்ச அந்த நாடு, பிறகு ஒவ்வொரு கதவா தட்டுச்சு. 1995-ல ஆசியான்ல சேர்ந்துச்சு. 2001 டிசம்பர்ல அமெரிக்காவோட வர்த்தக ஒப்பந்தம் நடைமுறைக்கு வந்துச்சு. அதுவரை சராசரியா சுமார் 40 சதவீதமா இருந்த அமெரிக்க வரி சுமார் 4 சதவீதமா இறங்குச்சு. 2007-ல உலக வர்த்தக அமைப்பு. 2020 ஆகஸ்ட்ல ஐரோப்பிய ஒன்றியத்தோட ஒப்பந்தம்.

கூடவே என்ன நடந்துச்சுன்னு கவனிங்க. உலக வர்த்தக அமைப்புல சேரப்போறது உறுதியான 2006-லயே இன்டெல் கம்பெனி அங்க 100 கோடி டாலர் முதலீட்டை அறிவிச்சது. 2009-ல பாக் நின் மாகாணத்துல சாம்சங் போன் ஆலை ஓட ஆரம்பிச்சது. 2024-ல வியட்நாமோட ஏற்றுமதி 40,000 கோடி டாலரைத் தாண்டிடுச்சு. மக்கள்தொகை? சுமார் பத்து கோடி. நம்ம தமிழ்நாட்டைவிடக் கூடுதல்தான்.

ஆனா ஒரு விஷயத்தை மறைக்காம சொல்லணும். அந்த ஏற்றுமதியில ஏறத்தாழ முக்கால் பங்கு வெளிநாட்டுக் கம்பெனிங்க செய்யுறது. உதிரி பாகம் வெளியில இருந்து வருது, அங்க கோர்த்து அனுப்புறாங்க. உள்ளூர்க்காரன் முதலாளி ஆகுறது கம்மி.

இங்கதான் திருப்பூர் வேற மாதிரி நிக்குது. இந்த மாதிரி ஒப்பந்தங்கள்ல 'பூர்வீக விதி'ன்னு ஒண்ணு உண்டு. வேற நாட்டுல இருந்து துணியைக் கொண்டு வந்து லேபிள் மட்டும் ஒட்டி அனுப்பினா சலுகை கிடையாது. நம்ம நாட்டுல இவ்வளவு வேலை நடந்திருக்கணும்னு சொல்ற விதி அது. பல நாடுங்க இதுல திணறுது. நமக்கு? கோயம்புத்தூர்லயும் பல்லடத்துலயும் திண்டுக்கல்லுலயும் நூல். இங்க நிட்டிங், டையிங், காம்பாக்டிங், கட்டிங், ஓவர்லாக், செக்கிங், பேக்கிங். நூல்ல இருந்து பெட்டி வரைக்கும் இந்த வட்டாரத்துக்குள்ளயே முடியுது. இந்தியாவோட பின்னலாடை ஏற்றுமதியில பாதிக்கு மேல இந்த ஒரு ஊர்ல இருந்து போகுதுன்னா அதுக்கு இதுதான் காரணம்.

இன்னொன்னும் இருக்கு. 2011 ஜனவரியில நொய்யல் மாசு வழக்குல உயர் நீதிமன்ற உத்தரவால சாயப்பட்டறைங்க மூடினதை யாரும் மறந்திருக்க மாட்டீங்க. எத்தனை குடும்பம் தவிச்சது! அந்த அடியிலதான் சாயத் தண்ணியை ஒரு சொட்டுகூட வெளிய விடாம சுத்திகரிக்கிற முறைக்கு ஊரே மாறுச்சு. அன்னைக்கு அது சுமை. இன்னைக்கு ஐரோப்பியக் கம்பெனிங்க வந்தா முதல்ல கேக்குறது தண்ணியை என்ன பண்றீங்கன்னுதான். புது ஒப்பந்தங்கள்ல சுற்றுச்சூழலுக்கும் தொழிலாளர் உரிமைக்கும் தனித்தனி அத்தியாயமே இருக்கு. பக்கத்துல இலங்கை, மனித உரிமை நிபந்தனைகளைக் காப்பாத்தலைன்னு 2010 ஆகஸ்ட்ல ஐரோப்பாவோட வரிச் சலுகையை இழந்துச்சு. திரும்பக் கிடைக்க 2017 மே வரைக்கும் ஆச்சு. ஆக, தொழிலாளியை மதிக்கிறதும் வியாபார மூலதனம்தாங்க.

சுவிட்சர்லாந்து, நார்வே, ஐஸ்லாந்து, லீக்டன்ஸ்டைன் ஆகிய நாலு நாடுகளோட நம்ம ஒப்பந்தம் 2025 அக்டோபர் 1-ல நடைமுறைக்கு வந்திருக்கு. 15 வருஷத்துல 10,000 கோடி டாலர் முதலீடு, பத்து லட்சம் நேரடி வேலைன்னு ஒப்பந்தத்துலயே இலக்கு எழுதியிருக்காங்க. பங்குச் சந்தையில இன்னைக்கு வந்து நாளைக்குப் போற பணம் இந்தக் கணக்குல வராது. இலக்கை எட்டலைன்னா, பேசிப் பார்த்த பிறகு நாம கொடுத்த சலுகையைக் குறைக்கவும் வழி இருக்கு. சந்தையைத் திறந்துவிடு, முதலீடு தானா வரும்னு காத்திருந்த காலம் போய், கையெழுத்துலயே முதலீட்டைக் கேக்குற காலம் வந்திருக்கு.

ஒப்பந்தம் போட்டா எல்லாம் சரியாயிடுமா? இல்லைங்க. ஆசியான் நாடுகளோட போட்டு 2010-ல நடைமுறைக்கு வந்த ஒப்பந்தத்துக்குப் பிறகு நம்ம ஏற்றுமதியைவிட இறக்குமதி வேகமா ஏறுச்சு. அதை மறுபரிசீலனை பண்ணணும்னு இந்தியாவே கேட்டுச்சு. 1994-ல அமெரிக்காவோட சேர்ந்த மெக்சிகோவுக்குக் கார் ஆலைங்க வரிசையா வந்துச்சு. ஆனா அமெரிக்க மக்காச்சோளத்தோட போட்டி போட முடியாம சிறு விவசாயிங்க நொடிஞ்சாங்க. 2025 ஆகஸ்ட்ல அமெரிக்கா நமக்கு 50 சதவீத வரி போட்டப்போ இந்த ஊர் பட்ட பாட்டை நான் உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்ல. அமெரிக்காவோட ஒப்பந்தம் வெச்சிருந்த தென் கொரியாவுக்கும் அப்போ வரி விழுந்துச்சு. ஒரே சந்தையை நம்பி இருக்கக் கூடாதுங்கிறதுதான் அதுல கிடைச்ச பாடம்.

அதனால நாம கேக்க வேண்டியதைக் கேக்கணும்.

ஒண்ணு, ஒப்பந்தத்தோட விவரம் தமிழ்ல, எளிமையா, சின்ன யூனிட்காரர் கைக்கு வரணும். பூர்வீகத்துக்கு ஆதாரம் காட்டினாத்தான் வரிச் சலுகை கிடைக்கும். அதைக் காட்டத் தெரியாம சலுகையைக் கோட்டை விடக் கூடாது.

ரெண்டு, கையெழுத்துக்கு முன்னாடி விவசாயியையும் சிறுதொழில்காரரையும் தொழிற்சங்கத்தையும் கூப்பிட்டுப் பேசணும். முடிஞ்ச பிறகு அறிவிக்கிறது கலந்தாலோசனை ஆகாது.

மூணு, வர்ற ஆர்டர்ல தொழிலாளிக்குப் பங்கு வேணும். வரி மிச்சமான அந்த 60 ரூபாய் முழுக்க லண்டன் கடைக்காரர் பைக்கே போச்சுன்னா நமக்கு என்ன லாபம்? கூலியில, தங்குமிடத்துல, குழந்தைகள் காப்பகத்துல அது தெரியணும். ஒடிசாவுல இருந்தும் பீகார்ல இருந்தும் வந்து நம்மகூட உழைக்கிறவங்களுக்கும் சேர்த்துத்தான் சொல்றேன்.

சொந்தங்களே, கதவு திறந்திருக்கு. உள்ள போறதுக்கு ரோடு, கரண்ட், பயிற்சி, கடன் எல்லாம் தயாரா இல்லைன்னா, நமக்காகத் திறந்த கதவு வழியா வேற ஊர்க்காரன் போயிடுவான். அந்த வேலையை அரசாங்கம் செய்யுதான்னு கண்ணுல விளக்கெண்ணெய் ஊத்திப் பார்க்க வேண்டியது நம்ம பொறுப்பு.

இதைப் படிக்கிற நீங்க, உங்களுக்குத் தெரிஞ்ச ஒரு பனியன் கம்பெனிக்காரருக்கும் ஒரு தொழிலாளிக்கும் அனுப்புங்க. உங்க யூனிட்டுல என்ன சிக்கல் இருக்குன்னு கீழ எழுதுங்க. அடுத்த கூட்டத்துல அதைப் பேசுவோம்.



#திருப்பூர் #வர்த்தகஒப்பந்தம் #உழைப்புக்குப்பங்கு