பீடிப் புகையும் பஞ்சுத் தூசியும்

(பஞ்சாலைத் தொழிலாளர்களும் விவசாயத் தொழிலாளர்களும் கூடிய கூட்டத்தில் பேசியது)



கூலி உயர்வும் பஞ்சப்படியும் பேசும் மேடையில் பீடியைப் பற்றிப் பேசுவதா என்று சிலர் சிரிக்கலாம். நம் சங்க அலுவலகத்திலேயே கமிட்டி கூடினால் ஒருவர் முகம் ஒருவருக்குத் தெரியாதபடி புகை மண்டிய காலம் உண்டு. நாமும் குடித்தவர்கள்தான். ஆகவே இது உபதேசமல்ல. நம் நெஞ்சைப் பற்றிய கணக்கு.

கார்டிங்கிலும் புளோரூமிலும் வேலை செய்யும் தோழர்களுக்குத் தெரியும். வார லீவு கழிந்து வேலைக்குப் போகும் முதல் நாள் நெஞ்சைக் கயிறு போட்டு இறுக்குவது போலிருக்கும். மறுநாள் சற்றுக் குறையும். இது அலுப்பல்ல, பஞ்சுத் தூசியால் வரும் நோய். பிசினோசிஸ் என்பார்கள் டாக்டர்கள். வருஷங்கள் போகப் போக எல்லா நாளும் மூச்சு இறுகும்.

மூச்சுக் குழாயின் உட்புறம் கண்ணுக்குத் தெரியாத மெல்லிய இழைகள் உண்டு. ஓயாமல் அசைந்து, உள்ளே போன தூசியைச் சளியோடு மேலே தள்ளுவது அவற்றின் வேலை. பீடிப் புகை அவற்றைச் செயலிழக்கச் செய்கிறது. தூசியோ வந்துகொண்டே இருக்கிறது, வெளியேற்ற வழியில்லை. அதனால்தான் புகை குடிக்கும் பஞ்சாலைத் தொழிலாளிக்கு நோய் கடுமையாகிறது.

"சிகரெட்தான் கெடுதல், பீடி வெறும் இலைதானே" என்கிறார்கள். தவறு. பீடி அணையாமல் இருக்க அடிக்கடி, பலமாக இழுக்க வேண்டும். அதனால் தாரும் கார்பன் மோனாக்சைடு வாயுவும் அதிகமாகவே உள்ளே போகின்றன. ரத்தத்தில் பிராணவாயுவின் இடத்தை அந்த வாயு பிடித்துக்கொள்கிறது. வயலில் மண்வெட்டி பிடிக்கும் தோழருக்குச் சீக்கிரமே மூச்சிரைக்க அதுவும் ஒரு காரணம். காசநோய், வாய்ப்புற்று, நுரையீரல் புற்று, மாரடைப்பு எல்லாவற்றுக்கும் புகை கதவு திறக்கிறது. குடிசைக்குள் நாம் குடித்தால் குழந்தையும் குடிக்கிறது.

முதலாளிகளுக்கு இது தெரியாதா? 1950ல் டால், ஹில் என்ற பிரிட்டிஷ் விஞ்ஞானிகள் லண்டன் ஆஸ்பத்திரி நோயாளிகளை ஆராய்ந்து, நுரையீரல் புற்றுக்கும் புகைக்கும் உள்ள தொடர்பைக் காட்டினார்கள். 1954ல் அமெரிக்க சிகரெட் கம்பெனிகள் 400க்கு மேற்பட்ட பத்திரிகைகளில் விளம்பரம் போட்டு, தங்கள் சரக்கு தீங்கற்றது என்றே நம்புவதாகச் சொல்லின. அவை பல பத்தாண்டுகள் மக்களை ஏமாற்றின என்று 2006ல் அந்நாட்டு நீதிமன்றமே தீர்ப்பளித்தது. லாபம் அவர்களுக்கு, இருமல் நமக்கு!

"நீ பீடி குடித்தாய், அதனால்தான் நோய்" என்று ஆலை முதலாளி கைகழுவப் பார்ப்பான். விடக்கூடாது. பஞ்சுத் தூசி நோய், நஷ்டஈட்டுச் சட்டத்தின் தொழில்நோய்ப் பட்டியலில் இருக்கிறது. தூசி உறிஞ்சும் இயந்திரம் வை, வைத்தியப் பரிசோதனை நடத்து, நஷ்டஈடு கொடு என்று போராடுவோம். அதே சமயம் அவன் சொல்லும் சாக்கையும் அவன் கையிலிருந்து பிடுங்குவோம்.

பீடி சுற்றும் சகோதரிகளின் பிழைப்பு என்னாவது? நியாயமான கேள்வி. 1969ல் கண்ணூரில் தொழிலாளர்கள் தொடங்கிய தினேஷ் பீடி கூட்டுறவு, பீடி விற்பனை சரிந்தபோது உணவுப் பொருள், குடை முதலிய தொழில்களில் இறங்கியது. அத்தகைய மாற்று வேலைக்காகக் குரல் கொடுப்பதும் நம் கடமை.

விடுவது கஷ்டம்தான், நிகோடின் லேசில் விடாது. ஆனால் விட்ட ஒரு வருஷத்தில் மாரடைப்பு அபாயம் ஏறக்குறையப் பாதியாகிறது. தனியாக முடியாததைச் சங்கமாகச் சேர்ந்து சாதித்தவர்கள் நாம். இதையும் சேர்ந்தே செய்வோம். அடுத்த கமிட்டிக் கூட்டத்திலிருந்து நம் அலுவலகத்தில் புகை இல்லை!